சம்பா அறுப்பும் குட்டை மீன் பிடிப்பும் ஒரே சமயத்தில்: நாள் கணக்கா, பதமா?

மன்னை_ஆறுமா
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம். ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் பாதி பிபிடி நெல், பாதி சிஆர் 1009 நெல். மூலையில் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டி கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். இப்போது தை பிறக்கப் போகிறது. பிபிடியில் கதிர் நன்றாகச் சாய்ந்துவிட்டது, ஆனால் தாள் இன்னும் பச்சையாகவே நிற்கிறது. விதைக் கடையில் 145 நாள் என்றார்கள், அந்தக் கணக்குப்படி இந்த வாரமே அறுக்க வேண்டும். அப்பா தாள் பழுக்கட்டும் என்கிறார். இதற்கு நடுவில் மீன் வியாபாரி வந்து குட்டையைப் பார்த்துவிட்டு "மீன் ரெடி, பிடித்துவிடலாம்" என்று நச்சரிக்கிறார். நெல் எப்போது தயார், மீன் எப்போது தயார் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? உளுந்து வேறு தெளிக்க வேண்டும்.

கடைமடைக்காரன்
தம்பி, முதலில் 145 நாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது விதைத்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு. நாற்று வயதாகி நட்டிருந்தாலோ, மார்கழிக் குளிர் கதிர் வரும் நேரத்தில் பிடித்திருந்தாலோ ஒரு வாரம், பத்து நாள் தள்ளும். நம்பக் கூடிய கணக்கு பூத்த நாளிலிருந்து எண்ணுவது. வயலில் பாதிக் கதிர் பூத்த நாளைக் குறித்து வைத்திருந்தால் அங்கிருந்து 28 முதல் 35 நாளுக்குள் நெல் முற்றிவிடும். குறுவை ரகமோ சம்பா ரகமோ, அந்தக் கடைசி ஒரு மாதம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால், தூர் கட்டிக் கதிர் உருவாகும் காலத்தில் போய்விடுகிறது.

தாளைப் பார்க்காதீர்கள். அப்பா காலத்து ரகங்களில் தாளும் நெல்லும் சேர்ந்து பழுக்கும். பிபிடி போன்றவற்றில் கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) பச்சையாக இருக்கும்போதே மணி முற்றிவிடும், யூரியா தாராளமாகப் போட்டிருந்தால் இன்னும் மோசம். தாள் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் மணி கீழே கிடக்கும்.

கதிர் நுனியிலிருந்து அடிக்குப் பழுக்கும். அதனால் நுனி மணியைப் பார்த்து ஏமாற வேண்டாம். கதிரின் அடியில் இருக்கும் நாலைந்து மணியை உரித்து நகத்தால் அழுத்துங்கள். பால் வந்தால் பேச்சே இல்லை. மாவு போல நசுங்கினால் இன்னும் ஒரு வாரம். நகம் இறங்காமல், பல்லில் வைத்தால் உடைந்தால் முற்றிவிட்டது. வரப்போரக் கதிரைப் பார்க்காமல் உள்ளே இறங்கி நாலைந்து இடத்தில் பாருங்கள். பின்தூர்க் கதிர் பச்சையாகத்தான் இருக்கும், அதற்காகக் காத்திருக்க முடியாது. நூறு மணிக்கு 80, 85 மணி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் அறுக்கலாம்.

பெல்ட்வண்டி
நான் அறுப்பு வண்டி ஓட்டுகிறவன், அதனால் வண்டிக்காரன் பக்கமும் கேளுங்கள். கடைமடை அண்ணன் சொன்ன பதம் சரி. ஆனால் அந்தப் பதத்தில் மணியில் ஈரம் 20, 22 சதம் இருக்கும். டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்) 17க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். களம் இல்லாதவர்கள் "இன்னும் நாலு நாள் நிற்கட்டும், வயலிலேயே காயட்டும்" என்று விடுகிறார்கள். பகலில் காய்ந்து ராத்திரிப் பனியில் நனைந்து மறுபடி காய்ந்தால் அரிசிக்குள் வெடிப்பு விழும். வெளியே நெல் பொன் மாதிரி இருக்கும், ஆலையில் போட்டால் பாதி நொய். டிபிசியில் போடுகிறவருக்கு இது தெரிய வராது. வீட்டுக்கு அரைக்கிறவர்கள், நேரடியாக அரிசியாக விற்கிறவர்கள்தான் அடி வாங்குவார்கள்.

அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிக்காத வயலில் பெல்ட் வண்டியே இறங்கி உழுதுவிடும், மணி நேரக் கணக்கும் ஏறும். காலையில் பனி காயும் முன் வண்டியை இறக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பத்து மணிக்கு மேல் அறுத்தால் ஈரமும் குறையும், வைக்கோலோடு மணி போவதும் குறையும்.

நொய்யரிசி
ஈரத்தில் ஒரு சின்னக் கணக்கு. 22 சதத்தில் அறுத்த 100 கிலோ நெல்லை 17க்குக் காய வைத்தால் 94 கிலோ நிற்கும். அந்த ஆறு கிலோ வெறும் தண்ணீர். ஆனால் வயலில் காயவிட்டு உதிர்ந்து, குருவி கொத்திப் போகிற கிலோ அசல் நெல். தண்ணீரை இழப்பதா, நெல்லை இழப்பதா என்று யோசித்தால் சீக்கிரம் அறுத்துக் களத்தில் காய வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைமடைக்காரன்
கணக்கு சரி, களம் எங்கே என்று சொல்லுங்கள். எங்கள் பக்கம் தார் ரோடுதான் களம். அதுவும் 2023 பிப்ரவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கும். டெல்டா முழுக்க அறுப்புக்கு நின்ற சம்பா பருவம் தப்பிய மழையில் படுத்தது. அறுத்துக் குவித்தவன் தார்ப்பாய் போட்டு ஓரளவு காப்பாற்றினான், வயலில் விட்டவன் முளைத்த கதிரைத்தான் பார்த்தான். அந்த மாதிரி ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய் ஈரப்பதத்தில் தளர்வு கொடுப்பது உண்டு. உத்தரவு வருவதற்குள் குவியல் சூடாகிவிடும். ஆகவே தை மாதத்தில் வானிலை அறிக்கையும் ஒரு பதம்தான். மழை வருகிறது என்றால் 75 சதம் பழுத்திருந்தாலே அறுத்துவிடுவேன், கருக்காய் (முற்றாத நெல்) கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும்.

மன்னை_ஆறுமா
மிக்க நன்றி அண்ணே. அடிமணியைப் பார்த்தேன். பிபிடியில் பெரும்பாலும் உடைகிறது, சிஆரில் இன்னும் மாவு. இப்போது உளுந்து. பிபிடி வயலில் தெளித்துவிட்டு அறுக்கலாமா?

கடைமடைக்காரன்
ஆள் வைத்து அறுத்த காலத்தில் ஏழெட்டு நாளைக்கு முன்பே தெளிப்போம். மண் மெழுகுப் பதத்தில் இருக்கும், நடந்தால் கால் பதியும், தண்ணீர் நிற்காது. உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும்போது தாளை அறுத்தெடுப்போம், பயிருக்கு ஒன்றும் ஆகாது. வண்டி வந்த பிறகு அந்தக் கணக்கு குழம்பிவிட்டது. முளை வந்த பிறகு வண்டி ஓடினால் பெல்ட் தடத்தில் பயிரே இருக்காது. அறுத்த பிறகு தெளிக்கலாம் என்றால் மண் காய்ந்து விதை பிடிக்காது. நான் வண்டிக்கு நேரம் உறுதியான பிறகு அதற்கு முந்தின நாள் தெளிக்கிறேன். விதை முளைக்கும் முன் வண்டி ஏறிவிடும். ஏக்கருக்கு வழக்கமான பத்து, பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். வண்டிக்காரன் சொன்ன நாளில் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

பெல்ட்வண்டி
வண்டிக்காரன் மேலேயே போடுங்கள் 😀 முன்னாடி வயல்காரர் "இன்னும் பழுக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினால் நான் என்ன செய்ய?

குட்டைக்கரை_அக்கா
நெல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டீர்கள், மீனுக்கு வருவோம். ஒரத்தநாடு பக்கம் குட்டை வைத்திருக்கிறோம்.

தம்பி, நெல்லுக்கு ஒரு நாள் உண்டு, அதைத் தாண்டினால் கெட்டுப் போகும். மீனுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். கட்லாவை மூன்று வருடம் விட்டாலும் வளரும். அதனால் "மீன் ரெடி" என்று யார் சொன்னாலும் யாருக்கு ரெடி என்று கேளுங்கள். வியாபாரிக்கு அவர் வண்டி காலியாக இருக்கும் நாளில் ரெடி.

முதலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீச்சு வலை போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் தீவனம் போடும் மூலையிலேயே போடுவார்கள். அங்கே வருவது நன்றாகத் தின்று கொழுத்த மீன். அதை எடை போட்டு முழுக் குட்டைக்கும் கணக்குப் போட்டால் கணக்கு ஊதிவிடும். நாலு மூலையிலும் நடுவிலும் போடுங்கள். கட்லாவைத் தனியாக, ரோகுவைத் தனியாக, மிர்காலைத் தனியாகத் தூக்கி எடை பார்த்து எண்ணிக்கையால் வகுங்கள். போன மாதம் பார்த்த எடை எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். மீன் எத்தனை கிலோ என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஏறுகிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு 600 மீன், சராசரி 700 கிராம். மொத்தம் 420 கிலோ. இரண்டு சதம் தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 8.4 கிலோ. தீவனம் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 420 ரூபாய். மார்கழி, தையில் தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகி ஒரு நாளைக்கு மூன்று கிராம்தான் ஏறுகிறது என்றால் மொத்தக் குட்டைக்கும் 1.8 கிலோ. கரையில் கிலோ 130 ரூபாய்க்கு எடுத்தால் 234 ரூபாய். தினமும் 420 ரூபாய் போட்டு 234 ரூபாய் எடுக்கிறீர்கள். இந்த நிலைமை வந்த நாள்தான் குட்டைக்கு அறுவடை நாள். இல்லாவிட்டால் தீவனத்தைக் குறைத்துவிட்டுச் சும்மா வைத்திருக்க வேண்டும், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

ஞாயிறுச்சந்தை
நான் சொல்கிறேன், மீன் கடைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கடல் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும், அப்போது குளத்து மீனுக்கு மரியாதை வரும். புரட்டாசியில் கொண்டுவந்தால் சீந்த ஆள் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகளில் மீன் கிடையாது. தை பிறந்து மாலை இறக்கிய பிறகுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். உங்கள் வியாபாரி இப்போது அவசரப்படுவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று, கட்லா ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் துண்டு போட்டு விற்கலாம், வாடிக்கையாளர் தேடி வாங்குவார். அரைக் கிலோ கட்லா முழுக்கத் தலைதான், முள்ளும் அதிகம். எடை வித்தியாசத்தைவிட விலை வித்தியாசம் பெரியது. ரோகு முக்கால் கிலோவிலேயே போகும்.

மன்னை_ஆறுமா
அப்படியென்றால் சித்திரை வரை வைத்திருக்கலாமா? மேட்டூர் அணையை ஜனவரிக் கடைசியோடு மூடிவிடுவார்கள். குட்டையில் ஊற்றுத் தண்ணீர் கொஞ்சம் வரும், போர் தண்ணீர் விட்டால்தான் நிற்கும்.

குட்டைக்கரை_அக்கா
தண்ணீர் உறுதியாக இருந்தால் மட்டும் வையுங்கள். பங்குனியில் ஐந்தடி தண்ணீர் மூன்றடியாக இறங்கும், மீனின் எடை கூடியிருக்கும், வெயில் ஏறும். பச்சைப் பாசி திடீரென்று பொங்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் காற்றுப் பற்றாக்குறை என்று அர்த்தம். அந்த நேரம் மோட்டார் போட ஆள் இல்லாவிட்டால் சூரியன் வருவதற்குள் பெரிய கட்லாதான் முதலில் மிதக்கும். விலை ஏறுகிறது என்று காத்திருந்து மொத்தமும் போவதைவிட, பாதியை இப்போது பிடித்துவிட்டு மீதியைத் தாராளமாக இடம் விட்டு வளர்ப்பது புத்திசாலித்தனம். ஒரு கிலோ தாண்டிய கட்லாவை எடுத்துவிடுங்கள், மற்றவை வேகமாகப் பிடிக்கும். கடலோரத்தில் இறால் போடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

உப்பங்கழி
ஆமாம், வேதாரண்யம் பக்கம் வெனாமி இறால் போடுகிறோம். எங்களுக்கு எல்லாம் கவுண்ட்தான். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற கணக்கு. 100 கவுண்ட் என்றால் ஒன்று பத்து கிராம், 50 கவுண்ட் என்றால் இருபது, 40 கவுண்ட் என்றால் இருபத்தைந்து கிராம். கவுண்ட் இறங்க இறங்க விலை ஏறும். மூன்று, நாலு மாதத்தில் முடித்துவிடுவோம். குளம் தாங்காது என்று தெரிந்தால் நடுவிலேயே கொஞ்சம் வாரிவிட்டு மீதியைப் பெரிதாக்குவோம்.

இறாலில் எடை வந்தாலும் ஓடு வர வேண்டும். இறால் ஓடு கழற்றித்தான் வளரும். கழற்றிய ஒரு நாள், இரண்டு நாள் மேனி மெத்தென்று இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறைய இறால் ஒரே சமயத்தில் கழற்றும். அந்த நாளில் வலை போட்டால் கம்பெனி ஆள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து மெத்து இறாலைத் தனியே ஒதுக்கி விலையைப் பாதியாக்குவார். அதனால் பிடிப்பதற்கு முதல் நாள் கொஞ்சம் அள்ளி நாங்களே அமுக்கிப் பார்ப்போம். மெத்து அதிகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிவிடுவோம். ஏற்றுமதிக்கு என்றால் அறுவடைக்கு முன்பே எம்பீடா (கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) ஆய்வகத்தில் மருந்து எச்சம் இல்லை என்று பரிசோதனையும் எடுக்க வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. ஐந்து கிராம் இறாலாக இருந்தாலும் அன்றே வாரிவிட வேண்டியதுதான்.

படுவான்கரை
மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே பெரும்போக வேளாண்மை வெட்டு தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை நடக்கும். நாள் கணக்குப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் நெல்லினப் பெயரிலேயே வயது இருக்கிறது. பிஜி 300 என்றால் மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம், பிஜி 403 நாலு மாதம். வாய்க்கால் தண்ணீர் எத்தனை கிழமை கிடைக்கும் என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகு அதற்கு ஏற்ற எண்ணை எடுத்து விதைப்போம். வெட்டு நாள் விதைக்கும் முன்பே ஓரளவு முடிவாகிவிடும். கடைசி ஒரு கிழமையை மட்டும் கதிர்தான் சொல்லும்.

கல்லக்குறி_மணிலா
மணிலா (நிலக்கடலை) போடுகிறவனுக்கு அந்தக் கதிரும் கிடையாது, எல்லாம் மண்ணுக்கு அடியில். இலை மஞ்சளாவதைப் பார்த்தால் டிக்கா இலைப்புள்ளி நோயும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் நாலு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்து ஓட்டின் உள்பக்கம் பார்ப்போம். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் பிஞ்சு. பழுப்பு, கறுப்புக் கறை ஏறியிருந்தால் முற்றியது. நாலில் மூன்று காய் அப்படி இருந்தால் பிடுங்கலாம். கொத்து ரகங்களுக்கு உறக்கம் கிடையாது, முற்றிய பிறகு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மண் காய்ந்து இறுகினால் பிடுங்கும்போது காய் உள்ளேயே அறுந்து நிற்கும். ஆக ஈரமும் வேண்டும், மழையும் வேண்டாம்.

பக்கத்தில் கரும்பு போட்டவர் நிலைமை இன்னும் வேடிக்கை. சர்க்கரைச் சத்துப் பார்க்கும் மீட்டர் 18, 20 காட்டினாலும் ஆலை வெட்டு உத்தரவு வரும் நாள்தான் கரும்பு முற்றும் நாள்.

நொய்யரிசி
அக்கா, எனக்கு ஒரு கேள்வி. குளத்து மீனில் சேற்று வாடை அடிக்கிறதே, அது சீக்கிரம் பிடிப்பதாலா?

குட்டைக்கரை_அக்கா
வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி அதிகமானால் அந்த வாடை மீன் சதையில் ஏறும். பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மீனைப் பிடித்து, மசாலா எதுவும் இல்லாமல் ஆவியில் அவித்து முகர்ந்து பாருங்கள். குழம்பில் போட்டால் புளியும் மிளகாயும் மறைத்துவிடும், உங்களுக்குத் தெரியாது, வாங்கிப் பொரித்துத் தின்கிறவருக்குத் தெரியும். வாடை இருந்தால் தண்ணீரை மாற்றி, தீவனத்தைக் குறைத்து, வாடை போகும் வரை தள்ளிப் போடுங்கள். இதுவும் மீன் தயாரா இல்லையா என்பதில் சேர்த்திதான். யாரும் பார்ப்பதில்லை.

மன்னை_ஆறுமா
நிலவரம் சொல்லிவிடுகிறேன். பிபிடி அறுத்தாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் உளுந்து தெளித்தேன், வண்டி சொன்னபடி வந்தது. அறுத்தபோது ஈரம் 20க்குக் கிட்டே, களத்தில் காய வைத்து 17க்குக் கீழே கொண்டுவந்து டிபிசியில் போட்டோம். அப்பாவுக்கு இன்னும் பச்சைத் தாளில் அறுத்ததில் மனத்தாங்கல். வைக்கோல் மாட்டுக்கு நல்லது என்று அம்மா சமாதானம் சொல்கிறார். சிஆர் நிற்கிறது, இன்னும் ஒரு வாரம் போகும் போல. வடிகாலைத் திறந்துவிட்டேன்.

குட்டையில் நாலு மூலையும் வலை போட்டுப் பார்த்ததில் கட்லா ஒரு கிலோவை ஒட்டி, ரோகு அரைக் கிலோ, ஜிலேபி மீன் (திலாப்பியா) குஞ்சுகள் கணக்கில்லாமல். நான் ஜிலேபி விடவே இல்லை.

குட்டைக்கரை_அக்கா
வாய்க்கால் தண்ணீரோடு வந்திருக்கும். மூன்று மாதத்திலேயே குஞ்சு பொரிக்கும் மீன் அது, உங்கள் தீவனத்தில் பாதியைத் தின்றிருக்கும். ரோகு அரைக் கிலோவில் நின்றதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அடுத்த முறை மடையில் நெருக்கமான கண்ணி வலை கட்டுங்கள்.

இப்போது கட்லாவை மட்டும் எடுங்கள். முதல் நாள் தீவனத்தை நிறுத்திவிடுங்கள், குடல் காலியாக இருந்தால் மீன் வண்டியில் சீக்கிரம் கெடாது. மேகம் மூடிய நாளில் வலை இழுக்காதீர்கள். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறும் முன் முடியுங்கள். மீன் எடைக்கு எடை ஐஸ் கரையில் தயாராக இருக்கட்டும். கட்லா முதல் இழுப்பிலேயே பெரும்பாலும் வந்துவிடும். மிர்கால் சேற்றில் பதுங்கி வலைக்கு அடியில் நழுவும், அதைத் தண்ணீர் இறைக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். வலையில் சிக்கும் ஜிலேபியை மட்டும் திரும்ப விடாதீர்கள்.

ஞாயிறுச்சந்தை
சனிக்கிழமை காலையில் பிடியுங்கள், ஞாயிறு விற்கலாம். வியாபாரியிடம் கரையிலேயே எடை போட்டுக் காசு வாங்கிவிடுங்கள். "சந்தையில் போய் எடை பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மன்னை_ஆறுமா
சரி அண்ணே, சனிக்கிழமைக்கே சொல்லிவிட்டேன். எடைத் தராசு நானே கொண்டுபோகிறேன்.